சாப்பிடப் பயந்த மெக்கானிக்

மனைவி போன பிறகு லிஃப்ட் மெக்கானிக் துரும்பாக இளைத்துவிட்டார். துக்கம்தான் ஆளைத் தின்கிறது என்று கூட வேலை செய்தவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். உண்மை வேறு. அவருக்குப் பசி எடுக்கத்தான் செய்தது. ஆனால் நாலு வாய் உள்ளே போன கொஞ்ச நேரத்தில், தொப்புளைச் சுற்றி யாரோ முறுக்கிப் பிழிவது போல வலி வந்துவிடும். அதற்குப் பயந்தே தட்டைக் கண்டால் ஒதுங்கினார்.

ரத்த அழுத்தமும் எந்த மாத்திரைக்கும் அடங்காமல் போக, ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்து நெடுநேரம் கேட்டார்.

"சாப்பிடப் பிடிக்கலியா, இல்ல சாப்பிட்டா வலிக்குதா?"

அப்படிப் பிரித்துக் கேட்ட முதல் ஆள் அவர்தான். மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. "பயமா இருக்கும்மா."

குடலுக்குப் போகும் ரத்தக்குழாயும், ஒரு சிறுநீரகத்துக்குப் போகும் குழாயும் நூலாகச் சுருங்கியிருந்தது ஸ்கேனில் தெரிந்தது.

"சாப்பிட்டதும் குடலுக்குக் கூடுதலா ரத்தம் வேணும். வர வழியில்ல, அதான் வலி. சிறுநீரகமும் ரத்தம் பத்தலன்னு பிரஷரை ஏத்திவிடுது. ரெண்டு இடத்துலயும் குழாயை விரிச்சுப் பிடிக்கிற ஸ்டென்ட் வச்சிடலாம்."

"கூட யார் வந்திருக்காங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

"நான்தான்."

"நோயாளியைக் கேக்கல. துணைக்கு வந்தவங்க?"

"அதுவும் நான்தான்மா. மக வெளியூர்ல, கைக்குழந்தைக்காரி. அவளை அலைக்கழிக்க வேணாம்."

தொடையை மட்டும் மரத்துப்போகச் செய்து, அதன் வழியே மெல்லிய கம்பியை விட்டார்கள். அவர் விழித்தபடியே கிடந்தார். கம்பி நுனியிலிருந்த குட்டி பலூன் உள்ளே விரிந்தபோது வயிறு ஒரு கணம் இறுகியது. கை தானாகத் துழாவியது. மேசை விளிம்புதான் அகப்பட்டது.

மறுநாள் சூப்பும் ரொட்டியும் வந்தன. பாதி தின்றுவிட்டு வலிக்காகக் காத்திருந்தார். வரவில்லை. மீதியையும் தின்றார்.

"எனக்கு வலிக்கல!" என்றார் பக்கத்துக் கட்டில்காரரிடம்.

"எனக்கு வலிக்குது. சும்மா கெடங்க," என்று அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மகளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் விசும்பல் கேட்டது.

"ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா நீ கெளம்பி வந்திருப்பே."

"வந்திருப்பேன்தான்!"

அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டது. "இருப்பா, கூப்பிடறேன்," என்று வைத்துவிட்டாள். அவர் மட்டும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.