சகலையின் இன்ஜின்

என் வயிற்றெரிச்சலை மறைத்து என்ன ஆகப்போகிறது? என் மனைவியின் தங்கை வீட்டுக்காரன், அதாவது என் சகலை, பல் டாக்டர். பகலெல்லாம் பல் பிடுங்குவான், சாயங்காலம் வீட்டு ஷெட்டில் ரேஸ் கார் கட்டுவான். நானோ இருபத்திரண்டு வருஷமாக இன்ஜின் பிரித்துப் பிழைக்கிறவன். போன வருஷம் எங்கள் கார் பந்தயக் கிளப்பின் கோப்பையை அவன் தூக்கிக்கொண்டு போனான். நான் இரண்டாவது.

"அவரு ஆசைக்குச் செய்யறாரு, அதான் சுத்தமா இருக்கு" என்றாள் என் மனைவி. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த வருஷம் சனி, ஞாயிறு என்று கடைசியாக இரண்டு பந்தயங்கள் பாக்கி. சனிக்கிழமை நேர்ரோட்டில் என்னை முந்திப் போனான் பாருங்கள், போகிற போக்கில் கையை வேறு ஆட்டினான்! அந்தச் சின்ன இன்ஜினுக்கு அவ்வளவு இழுவை ஏது? சிலிண்டரை விதிக்கு மேல் குடைந்து பெரிதாக்கியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். நிரூபித்தால் அவன் அவுட், கோப்பை எனக்கு. நேராகக் கிளப்பின் வண்டிப் பரிசோதகரிடம் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. சந்தேகப்படுகிறவனே இன்ஜினைப் பிரிக்க வேண்டும். சந்தேகம் பொய் என்றால் அவனே திரும்பப் பூட்டித் தரவேண்டும்.

ஆவி பறக்கப் பறக்க, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினேன். அளவுகோலை உள்ளே விட்டேன். எல்லையைத் தாண்டிக் காட்டியது.

"மாட்டிக்கிட்டாரு டாக்டரு!" என்று கத்தினேன். கூட்டமே திரும்பியது.

பரிசோதகர் சிலிண்டர் ஓரத்தைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டார். "யோவ், இந்தச் சூட்டுல அளந்தா இரும்பு விரிஞ்சுதான்யா காட்டும். நீயெல்லாம் மெக்கானிக்கா?"

இன்ஜின் ஆறியதும் அவரே அளந்தார். கச்சிதமாக எல்லைக்குள் இருந்தது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. சகலையோ என் தோளைத் தட்டி, "அவசரத்துல யாருக்கும் வர்றதுதான் அண்ணே" என்றான். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பூட்ட உட்கார்ந்தேன். ஒரே ஒரு ஹெட் போல்ட்டைக் கொஞ்சம் தளர்வாக விட்டால் போதும், நாளைக்குப் பாதி வழியில் புகைந்து நின்றுவிடும். மனசு அதைச் சொல்லத்தான் செய்தது. பாழாய்ப்போன கை கேட்கவில்லை. பத்து போல்ட்டையும் வரிசை மாறாமல், மூன்று சுற்றாக, அளவு பார்த்து முறுக்கினேன்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். வால்வு இடைவெளியைப் பார்த்தேன். எட்டு வால்வில் மூன்றுக்கு அளவு தப்பு. அடப்பாவி, இந்த லட்சணத்திலா என்னை முந்தினான்? அப்படியே விட்டுத் தொலைத்திருக்க வேண்டும். யார் வண்டியானாலும் அரைகுறை வேலையைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. எட்டையும் மயிரிழை பிசகாமல் சரிசெய்து மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் காரின் பின்பக்கத்தை மூன்றாம் சுற்று வரைதான் பார்த்தேன். அப்புறம் அதுவும் தெரியவில்லை.

ஹெல்மெட்டைக் கழற்றக்கூடப் பொறுமையில்லாமல் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "அண்ணே, நேத்தையவிட ஒரு சுத்துக்கு ஒன்றரை செகண்டு கம்மி! என்ன மாயம் பண்ணீங்க?"

பரிசளிப்பில் கோப்பையை வாங்கிய கையோடு மைக்கைப் பிடித்து, "இந்த இன்ஜினைப் பூட்டினது எங்க அண்ணன்தான்" என்று அறிவித்தான். கைதட்டல் காதைப் பிளந்தது. இரண்டாம் பரிசுக்கு எனக்கு ஒரு காகிதம் கொடுத்தார்கள்.

திரும்பும்போது என் மனைவிக்குக் கண் கலங்கியிருந்தது. "இத்தனை வருஷத்துல உங்க வேலைக்கு இப்படி யாருமே கை தட்டினதில்லைங்க. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?" என்றாள்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.