ஹாஸ்கெட்டின் துப்பாக்கியும் கீலனின் மன்னிப்பும்

துப்பாக்கியைக் கழிப்பறையில் மறந்து வைத்துவிட்டுப் போகிற ஜனங்கள் உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறார்களா, தெரியவில்லை. எங்கள் டெக்சஸில் இருக்கிறார்கள். இடுப்பு உறையில் செருகிக்கொண்டு நாள் முழுக்க வீரனாய் நடமாடலாம். ஆனால் வயிறு கூப்பிட்டால் பேன்ட்டை இறக்கித்தானே ஆகவேண்டும்? பெல்ட்டைத் தளர்த்தினால் கனம் தாங்காமல் உறை சாயும், துப்பாக்கி தரையில் விழும். அதனால் முதலிலேயே அதை எடுத்து, துடைக்கிற காகிதச் சுருள் பெட்டியின் மேல் வைப்பார்கள். காரியம் முடிந்ததும் செல்போனைப் பார்த்துக்கொண்டே எழுந்து போய்விடுவார்கள். நானும் மறதிக்காரிதான். குடையை மறந்திருக்கிறேன், மூக்குக் கண்ணாடியை மறந்திருக்கிறேன், ஒரு தடவை என் அக்காவையே கடையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஆளைக் கொல்லும் சாமானை எங்கேயும் மறந்து வைத்ததில்லை.

என் பெயர் பெர்னிஸ் கட்லர். எங்கள் ஊர்க் கல்லூரியில் வெகு காலமாக உடற்கூறியல் நடத்துகிறேன். நர்சிங் படிக்க வருகிற பிள்ளைகள் என் பரீட்சையைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போகவேண்டும். முதலில் வளாகத்துக்குள் துப்பாக்கியே கூடாது என்றார்கள். பிறகு காருக்குள் பூட்டி வைத்திருந்தால் பரவாயில்லை என்றார்கள். பிறகு, உரிமம் வைத்திருப்பவர் உடம்பில் மறைத்துக்கொண்டு வகுப்புக்கே வரலாம் என்றார்கள். சட்டம் மாறும்போதெல்லாம் எங்களை உட்காரவைத்துப் பாடம் எடுத்தவர் துணை டீன் ராய்ஸ் ஹாஸ்கெட். கல்லூரியின் துப்பாக்கி விதிகளை எழுதிய குழுவுக்கே அவர்தான் தலைவர்.

"யார்கிட்டயும் துப்பாக்கி வச்சிருக்கியான்னு கேக்கப்படாது. அது அவங்க சொந்த விஷயம்" என்றார்.

"கண்ணுல பட்டா?" என்று நான் கேட்டேன்.

"படாது பெர்னிஸ். லைசென்ஸ் வாங்கினவங்கல்லாம் பொறுப்பானவங்க. நீ தேவையில்லாம பயந்து சாகாதே."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

கீலன் ப்ரூசார் என் மாணவன். நல்ல உயரம், அகலமான தோள், எங்களைப் போலக் கறுப்புப் பிள்ளை. எங்கள் பக்கத்தில் அந்த மூன்றும் சேர்ந்து இருப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று என் தம்பிகளைப் பெற்ற என் அம்மாவைக் கேட்டால் தெரியும். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கச் சொன்னால் பொம்மையைத் தூக்குகிற மாதிரி அவ்வளவு மெதுவாகச் செய்வான். வகுப்பில் அவனுக்கு 'பெரிய நர்சம்மா' என்று பட்டப்பெயர். கூப்பிட்டால் கோபிக்கமாட்டான், "என்ன தம்பி, எங்க வலிக்குது?" என்று திருப்பிக் கேட்பான். அந்தப் பருவத்துப் பரீட்சை முடிந்தால் ஆஸ்பத்திரிப் பயிற்சி. அதற்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு, கல்லூரியில் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் பேரில் இருக்கக்கூடாது.

பரீட்சையன்று காலை அவன் வரவில்லை. வினாத்தாள் கொடுத்தாயிற்று, அவன் நாற்காலி காலியாகவே கிடந்தது. தாடியும் மீசையுமாக வளர்ந்த பிள்ளைகள் நடுவே நான் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நடைகூடத்தில் பூட்ஸ் சத்தமும் கத்தலும் கேட்டன.

வெளியே ஓடினேன். ஆண்கள் கழிப்பறை வாசலில் கீலன் குப்புறக் கிடந்தான். அவன் முதுகில் ஒரு முழங்கால். அவன் தலைக்கு நேராக மூன்று துப்பாக்கிகள்.

"உள்ள இருக்கு சார், உள்ள இருக்கு, நான் தொடல" என்று தரையோடு தரையாகச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

நடந்தது இதுதான். பரீட்சைக்கு முன் கழிப்பறைக்குப் போனவன் காகிதப் பெட்டியின் மேல் துப்பாக்கியைப் பார்த்திருக்கிறான். தொட்டால் கைரேகை. எடுத்துக்கொண்டு போலீஸ் அறைக்கு நடந்தால் பாதி வழி போவதற்குள் பிணம். விட்டுவிட்டு வந்தால் அடுத்து உள்ளே போகிறவன் யாரோ, எப்படிப்பட்டவனோ. என் செல்போனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான், பரீட்சை நேரத்தில் அது அணைந்து கிடந்தது. வேறு வழியில்லாமல் வாசலை மறித்து நின்று, வருகிறவர்களிடமெல்லாம் "உள்ள போகாதீங்க, துப்பாக்கி கெடக்கு" என்று சொல்லியிருக்கிறான். காதில் 'துப்பாக்கி' மட்டும் விழுந்த யாரோ ஒரு மகராசி ஓடிப்போய், கழிப்பறை வாசலில் பெரிய உடம்புக்காரன் ஒருவன் துப்பாக்கியோடு நிற்கிறான் என்று போன் செய்துவிட்டாள்.

கல்லூரிப் போலீஸ் சார்ஜென்ட் டூலி உள்ளே போய் அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தார். கீலனின் கையில் விலங்கு இன்னும் இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹாஸ்கெட் வந்தார். கையில் காபி.

"அடடே, அது என்னோடதுப்பா" என்றார். "அவசரத்துல விட்டுட்டேன் போல. என் பொண்டாட்டி சொல்றது சரிதான், தலை கழுத்துல ஒட்டியிருக்கறதால அதை மறக்கல."

டூலி சிரித்துவிட்டார். சத்தியமாகச் சிரித்தார். கீலன் மூக்கில் ரத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறான், அவன் எதிரிலேயே!

"வெலங்கைக் கழட்டுங்கய்யா மொதல்ல!" என்று நான் போட்ட கூச்சலில் பரீட்சை அறைக்குள் பேனா கீழே விழுந்த சத்தம் கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

அன்று சாயங்காலமே துப்பாக்கி ஹாஸ்கெட்டின் இடுப்புக்குத் திரும்பிவிட்டது. கீலன் மேல்தான் புகார். வளாகத்தில் பீதி கிளப்பினான், பாதையை மறித்தான், போலீசுக்குத் தகவல் சொல்லவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் கல்லூரியில் அதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறோம்.

விசாரணை கல்லூரித் துணைத் தலைவர் டாக்டர் லாண்ட்ரமின் அறையில். நான் கீலனோடு போனேன். வாசலிலேயே அந்தம்மா எழுந்து வந்து எங்களை நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம். என் ரூமுக்குள்ள துப்பாக்கி எடுத்துட்டு வரக் கூடாது. வாயால சொல்லணும்னு ரூல், அதான் சொல்றேன்."

எங்கள் விதிகளிலேயே அழகான விதி அது. வகுப்புக்குள் துப்பாக்கி வரலாம், தடுக்க முடியாது. ஆனால் சொந்த அறை வைத்திருக்கிறவர் தன் அறைக்குள் வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளலாம். கதவில் பலகை மாட்டினால் செல்லாது. வருகிற ஒவ்வொருவரிடமும் வாய் திறந்து சொல்லவேண்டும். வகுப்பில் பாடம் எடுக்கிற எங்களில் பாதிப் பேருக்குச் சொந்த அறையே கிடையாது. துணைத் தலைவருக்கு இரண்டு உண்டு.

அந்தம்மா சொன்னது கீலன் முகத்தைப் பார்த்து. எங்களுக்குப் பின்னால் நின்ற ஹாஸ்கெட்டை அவர் பார்க்கவே இல்லை.

"அவரைப் பாத்து சொல்லுங்க டாக்டர்" என்றேன். "தொலைச்சது அவருதான்."

ஹாஸ்கெட் முகம் சிவந்தது. "சரி, வண்டில வச்சுட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். அவர் வாகன நிறுத்தத்துக்குப் போய்ப் பூட்டிவிட்டுத் திரும்புகிறவரை நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். துப்பாக்கியால் யாருக்கும் ஆபத்தில்லை என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற அலுவலகம், தன் நாற்காலிக்கு மட்டும் அதை நெருங்க விடாது.

"கீலன், நீ அமைதியா போலீசுக்கு போன் பண்ணியிருந்தா எந்தப் பிரச்சினையும் இல்லையே" என்று ஆரம்பித்தார் லாண்ட்ரம்.

கீலன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மேடம், நான் இந்த மாதிரி இருக்கேன், எனக்குப் பக்கத்துல துப்பாக்கி இருக்கு, வாங்கன்னு நானே போலீசைக் கூப்பிடணுமா?"

 

"அதெல்லாம் உன் கற்பனை, தம்பி" என்றார் ஹாஸ்கெட்.

"அவன் மூக்கு வீங்கியிருக்கறதும் கற்பனையா?" என்றேன். "துப்பாக்கிய போட்டுட்டுப் போனவருக்கு என்ன தண்டனைன்னு சொல்லுங்க. கேட்டுட்டுப் போறேன்."

"டாக்டர் ஹாஸ்கெட்டுக்கு நினைவூட்டல் குடுத்திருக்கோம்" என்றார் லாண்ட்ரம்.

நினைவூட்டல்! மறந்தவருக்கு நினைவூட்டல், ஞாபகமாகக் காவல் நின்றவனுக்கு ஒழுங்கு நடவடிக்கை. என் வாயில் வந்ததை அங்கே சொல்லியிருந்தால் என் வேலையும் அன்றோடு போயிருக்கும்.

கடைசியில் பெரிய மனதோடு ஒரு வழி சொன்னார்கள். பீதி உண்டாக்கியதற்கு வருந்துகிறேன், இனி இப்படி நடக்காது என்று கீலன் கையெழுத்துப் போட்டால், நடவடிக்கையை நிறுத்தி வைப்பார்கள். விட்டுப்போன பரீட்சையையும் எழுதலாம். மறுபடி ஏதாவது புகார் வந்தால் நர்சிங்கிலிருந்து நேராக வெளியே.

"போடாதே" என்றேன். "கீலன், போடாதே. நீ எந்தத் தப்பும் பண்ணல. பேப்பருக்குப் போவோம், வக்கீலப் பாப்போம்."

அவன் என்னைப் பார்த்தான். கோபமில்லை அந்தப் பார்வையில். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"உங்களுக்குக் கோபப்பட வசதி இருக்கு மேடம். எனக்கு வர்ற மாசம் ஆஸ்பத்திரி டூட்டி இருக்கு."

கையெழுத்துப் போட்டான். ஹாஸ்கெட் எழுந்து கை நீட்டினார். "மனசுல வச்சுக்காதே தம்பி" என்றார். அந்தப் பிள்ளை கையைக் குலுக்கிவிட்டு, "தேங்க் யூ சார்" என்று வேறு சொன்னான்.

விட்டுப்போன பரீட்சையில் அவன்தான் முதல் மதிப்பெண். ஆஸ்பத்திரியில் வயதான நோயாளிகள் அவனையே கூப்பிடச் சொல்லி அடம் பிடிக்கிறார்களாம். நடைகூடத்தில் என்னைப் பார்த்தால் முன்போலவே, "என்ன மேடம், எங்க வலிக்குது?" என்பான். நான் சிரிப்பேன். வலிக்கிற இடம் அவனுக்குத் தெரியும்.

உடற்கூறியலின் இரண்டாம் பாகமும் அவனுக்கு என்னிடம்தான். வசந்த காலத்து இறுதிப் பரீட்சைக்குக் கீலன் நேரத்துக்கு வந்துவிட்டான். உட்கார்ந்தான், எழுதினான், எல்லோருக்கும் முன்னால் முடித்துத் தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். வைத்தவன் போகவில்லை. குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்:

"பாத்ரூம்ல இன்னொன்னு கெடக்கு மேடம்."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். "எப்ப பாத்தே?"

"எக்ஸாமுக்கு முன்னாடி."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"இல்ல மேடம். கையக் கழுவிட்டு வந்துட்டேன்."

அவன் குரலில் வருத்தமும் இல்லை, குத்தலும் இல்லை. கல்லூரி சொல்லிக்கொடுத்ததைப் படித்துத் தேறிய மாணவன் பேசுகிற மாதிரிப் பேசினான். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான்.

நான் ஓடினேன். "யாராவது உள்ள இருக்கீங்களா?" என்று கத்திவிட்டு ஆண்கள் கழிப்பறைக்குள் நுழைந்து ஒவ்வொரு கதவாகத் தள்ளினேன். காகிதப் பெட்டிகளின் மேல் ஒன்றும் இல்லை. குப்பைத் தொட்டியைக்கூடக் கிளறினேன். ஒன்றும் இல்லை. டூலிக்குப் போன் போட்டேன்.

"சொந்தக்காரரே வந்து எடுத்துட்டுப் போயிருப்பாரு" என்றார்.

"இல்லேன்னா?"

"இல்லாத துப்பாக்கிக்கு நான் என்னம்மா கேஸ் எழுதறது?"

வகுப்பறைக்குத் திரும்பினேன். எல்லோரும் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு நாற்காலிக்குக் கீழேயும் ஒரு பை. நான் உள்ளே வந்ததும் கடைசி வரிசையில் ஒருவன் தன் பையைக் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டான். இடம் போதாமல் தள்ளியிருக்கலாம். என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. பரீட்சை முடியும்வரை அவனுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன்.