தலைப்பிரட்டைகளுக்குப் பாடு

பழவேற்காட்டு ஆய்வறையில் அன்று காலை இருந்தவர்கள்: ஆராய்ச்சி மாணவி கலைவாணி, அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா சுப்பராயலு, கல்லூரியிலிருந்து வந்த பேராசிரியை தெய்வநாயகி, மூன்று தொட்டிகளில் தலைப்பிரட்டைகள், தரையெங்கும் குட்டித் தவளைகள். கடைசியில் சொன்னவை தொட்டிக்குள் இருந்திருக்க வேண்டும்.

கலைவாணியின் ஆய்வு எளியது. தைராய்டு ஹார்மோன் கிடைத்தால் தலைப்பிரட்டைக்குச் சீக்கிரம் கால் முளைக்கும், வால் கரையும். முதல் தொட்டியில் மட்டும் அதைச் சொட்டுவிட வேண்டும். மற்ற இரண்டும் ஒப்பிட்டுப் பார்க்க. அவற்றில் வெறும் தண்ணீர்தான். முடிவு சரியாக வராவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று தெய்வநாயகி மேடம் முன்பே சொல்லியிருந்தார். நடுவில் கலைவாணி காய்ச்சலில் படுத்துவிட்டதால் சொட்டுவிடும் வேலையை நைனாவிடம் கொடுத்திருந்தாள்.

இப்போது மூன்று தொட்டியிலும் கால்.

"இன்னா நைனா பண்ணே?"

"பாடு வுட்டேன்" என்றார் சுப்பராயலு. ஏரியில் மீன் நிறையக் கிடைக்கும் இடங்களை எல்லோருக்கும் முறைவைத்து விடுவார்கள். அதற்குப் பெயர் பாடு. "கொஞ்ச நாள் இதுக்கு, கொஞ்ச நாள் அதுக்கு. மொதத் தொட்டியோட பாடு முடிஞ்சி ஒரு வாரத்துக்கு மேல ஆச்சி. ஒரே தொட்டிக்கு ஊத்திக்கினே இருந்தா மத்ததுங்க இன்னா பாவம் பண்ணுச்சி?"

"மத்ததுக்குப் போடாதேன்னு சொன்னேன்ல?"

"சொன்னே. எனக்கு மனசு கேக்கல."

ஒரு தவளை தெய்வநாயகியின் முந்தானையில் தொற்றியது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூவரும் மண்டியிட்டுத் தவளை பிடித்தார்கள். சுப்பராயலு மற்ற இருவருக்கும் முன்னால் பிடித்துவிட்டு, "மேடம், கை மெதுவாப் போவுது" என்று வம்பிழுத்தார்.

கடைசித் தவளையைத் தொட்டியில் விட்டதும் மேடத்தின் முகம் மாறியது. "ஒப்பிட ஒரு தொட்டிகூட மிச்சமில்ல. இது செல்லாது, கலைவாணி."

கலைவாணி முதல் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"மேடம், இதுக்கு மருந்து நின்னு ஒரு வாரத்துக்கு மேல ஆவுது. அப்புறமும் கால் வளர்ந்து வால் போயிருக்கு. நிறுத்தினப்புறம் எது வளரவெச்சுது?"

தெய்வநாயகி குனிந்தார். முதல் தொட்டியை உற்றுப் பார்த்தார்.

"அதைக் கண்டுபிடி. மறுபடி முதல்லேர்ந்து, ஒழுங்கா. அறை உனக்குத்தான்."

"அப்போ நான் பண்ணது..." என்று ஆரம்பித்தார் சுப்பராயலு.

"நீங்க பேசவே கூடாது" என்றார் மேடம், சிரித்துக்கொண்டே.

கலைவாணி நைனாவின் தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"இந்த வாட்டி எந்தத் தொட்டிக்கு ஊத்துவே? அதையாவது சொல்லு."

"உன்கிட்ட மட்டும் சொல்ல மாட்டேன்."

அவர் படியிறங்கியதும் கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினாள்.