மாஸ்டருக்கு ரெண்டு கோடு

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் கர்ப்பமாக இருக்கிறார் என்ற செய்தியை முதலில் கண்டுபிடித்தது அவருடைய மச்சான்தான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி, மருந்துக்கடை வைத்திருப்பவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன்.

விஷயம் இதுதான். மாஸ்டருக்கு ஒரு பக்க விரையில் கட்டி. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, புற்றுநோய்தான் என்று சொல்லிவிட்டார். கட்டி ஒரு புரதத்தைச் சுரந்து ரத்தத்தில் விட்டுக்கொண்டிருந்தது.

"இந்தப் புரதம்தான் நமக்கு உளவாளி," என்றார். "கட்டிய எடுத்தப்புறம் இது மளமளன்னு எறங்கி இல்லாமப் போச்சுன்னா நல்ல சேதி. எறங்காம நின்னாலோ, எறங்கினது மறுபடி ஏறினாலோ, நோய் எங்கயோ ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். "வேடிக்கை என்னன்னா, கர்ப்பமா இருக்கிற பொம்பளைங்க ஒடம்புல ஊறுறதும் இதேதான்," என்றும் சொல்லிவைத்தார்.

மச்சான் சும்மா விடுவானா? கடையிலிருந்து கர்ப்பம் பார்க்கும் குச்சி ஒரு டப்பா கொண்டுவந்து நீட்டினான். "சும்மா ஒரு தடவை பாருங்க மாமா." மாஸ்டர் முறைத்துக்கொண்டே குளியலறைக்குள் போனார். வெளியே வந்தபோது குச்சியில் பளிச்சென்று இரண்டு கோடு. ஒப்பாரி வைக்க வேண்டிய வீட்டில் மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "எத்தனை மாசம்?" என்று கேட்ட மனைவிக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் இரண்டு கோடு விழுந்தது அதுதான் முதல் தடவை. அவள் எத்தனையோ குச்சி பார்த்திருக்கிறாள். எல்லாம் ஒற்றைக் கோடு.

ஆபரேஷன் முடிந்தது. ஒன்று போனாலும் இன்னொன்று போதும், எல்லாவற்றுக்கும் போதும் என்று டாக்டரம்மா அழுத்திச் சொன்னபோது மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புரதம் சொன்னபடி இறங்கியது. குச்சியில் இரண்டாவது கோடு வெளிறி, வெளிறி, காணாமலே போனது. "குச்சி விளையாட்டெல்லாம் வேணாம், ரத்தப் பரிசோதனைதான் கணக்கு," என்று டாக்டரம்மா திட்டினார். மாஸ்டர் கேட்கிற ஆளா? ஒவ்வொரு தடவை ரத்தம் கொடுக்கப் போகும் முன்னாலும் வீட்டில் ஒரு குச்சி நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

அப்படித்தான் அன்று காலையும் நனைத்தார். குளியலறை ஜன்னல் திட்டில் ஷாம்பு பாட்டில் பக்கமாக வைத்தார். போன் அடித்தது. பேசிவிட்டு வந்து பார்த்தால் இரண்டு கோடு.

நோய் திரும்பி வந்துவிட்டது. அவ்வளவுதான், கதை முடிந்தது. குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் வெளியேறினார். மாலையில் ரிப்போர்ட் வந்தால் தானே தெரியப்போகிறது, அதுவரைக்குமாவது அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தார் அந்தப் புண்ணியவான்.

ரத்தம் கொடுத்துவிட்டு நேராக வகுப்புக்குப் போனார். அன்றைய மாணவி ஒரு பேங்க் கேஷியர், எறும்பு குறுக்கே வந்தாலும் வண்டியை நிறுத்துகிறவர். அன்றைக்கென்று பார்த்து, திருப்பத்தில் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். தன் பக்கத்து பிரேக்கின் மேல் எப்போதும் கால் வைத்திருக்கும் மாஸ்டர், பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி ஒரு குப்பைத்தொட்டியை அணைத்துக்கொண்டு நின்றது.

"மாஸ்டர், நீங்க பிரேக் போடலையா?"

"எத்தனை நாளைக்கு நானே போடுறது? இனிமே நீங்கதாம்மா பாத்துக்கணும்."

தனக்குப் பயிற்சி முடிந்துவிட்டது என்று நினைத்துப் பூரித்துப்போனார் கேஷியரம்மா.

மாலையில் மனைவி, தான் வேலை பார்க்கும் திரைச்சீலைக் கடையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது, கண் சிவந்திருந்தது. இவளுக்கும் தெரிந்துவிட்டதா என்று மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு பேரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பிரித்தார். "ஒண்ணுமே இல்ல. சுத்தம். தேடினாலும் கெடைக்கல."

மாஸ்டருக்குக் கோபமே வந்துவிட்டது. பையிலிருந்து குச்சியை எடுத்து மேஜை மேல் போட்டார். "அப்ப இது என்ன டாக்டர்? காலைல நானே என் கண்ணால பாத்தேன்."

டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் மனைவி குச்சியைப் பிடுங்கினாள்.

"இதை எங்கேருந்து எடுத்தீங்க?"

"ஜன்னல்லதான். பாட்டில் பக்கத்துல."

"பாட்டிலுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால."

அவள் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "முன்னால வச்சது நான். நாள் தள்ளிப்போச்சேன்னு, நீங்க போன்ல பேசிட்டிருந்தப்ப உங்க டப்பாலேருந்து ஒண்ணு எடுத்தேன். அடுப்பை அணைச்சுட்டு வந்து பாத்தா, பின்னால ஒத்தக் கோட்டோட ஒண்ணு கெடந்துச்சு. அதான் என்னுது, நகந்து போயிருக்குன்னு நெனச்சுக் குப்பையில போட்டுட்டு, கடையில ஒக்காந்து பகல் பூரா அழுதேன்."

மாஸ்டருக்கு மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. "அப்ப இது?"

"ஐயோ மனுஷா, இது என்னுதுங்க."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தாம்மா, உனக்கும் ரத்தம் எடுத்துடலாம். அவருக்கு இந்தப் புரதம் ஏறவே கூடாது. உனக்கு இது ஏறியே ஆகணும். இனிமே ரெண்டு பேரும் ஜோடியா வாங்க."

மனைவி மாஸ்டரின் தோளில் ஒரு குத்து விட்டாள். "காலைலயே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன?"

"நீ மட்டும் சொன்னியா?"

"ஒத்தக் கோட்டைப் போய் என்னன்னு சொல்றது?"

"நான் மட்டும் ரெண்டு கோட்டை என்னன்னு சொல்றது?"

அதற்குள் நர்ஸ் ஊசியோடு வந்து, யாருக்கு என்று கேட்டாள். மாஸ்டர் பழக்கதோஷத்தில் சட்டைக் கையைச் சுருட்டினார். மனைவி அவரை ஒரு இடி இடித்துத் தள்ளிவிட்டுத் தன் கையை நீட்டினாள். மாஸ்டர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி என்றும் பாராமல், சந்தோஷம் தாங்காமல் ஓவென்று அழுதார்.