மிஸ்டர் பிராத்வெய்ட்டின் ராஜினாமா

1

இந்தக் கதை ஒரு கூட்டக் குறிப்பிலிருந்து பிறந்தது. குவீன்ஸில் இருக்கும் எங்கள் புனித ஒநேசிமு எபிஸ்கோப்பல் சபையின் குழுவுக்குப் பதினோரு வருடமாக நான்தான் செயலர். மே முதல் ஞாயிறு நடந்த கூட்டத்துக்கு நான் எழுதிய குறிப்பில் இப்படி இருக்கிறது: ‘மூத்த வார்டன் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். பின்னர் திரும்பப் பெற்றுக்கொண்டார்.’

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே முக்கால் மணி நேரம் இருக்கிறது. அது குறிப்பில் வரக்கூடாது. குறிப்பில் வரக்கூடாததை எங்கேயாவது எழுதித்தானே ஆகவேண்டும்?

2

முதல் ஆரம்பம்: ‘அன்று மழை விடாமல் பெய்து...’

இல்லை. நல்ல வெயில். மழை வைத்தால் கதை கனமாகத் தெரியும் என்று ஒரு சபலம்.

இரண்டாவது ஆரம்பம்: ‘கிளியோஃபஸ் பிராத்வெய்ட் ஒரு பிடிவாதக்காரர்.’

உண்மைதான். ஆனால் முதல் வரியிலேயே சொன்னால் நீங்கள் அவரை முறைத்துக்கொண்டே படிப்பீர்கள். ஆகவே, நேராகவே சொல்லிவிடுகிறேன்.

மிஸ்டர் பிராத்வெய்ட்டுக்கு எழுபத்தாறு வயது. பார்படோஸ்காரர். சுரங்க ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மூத்த வார்டன் என்றால் சபையாரின் தலைவர், ஆயரின் வலது கை. ஜூலை வெயிலிலும் கோட்டுக்குள்ளே இன்னொரு கோட்டு போட்டுத்தான் வருவார்.* இளைய வார்டன் ஒபியாகெலி ந்வோசு நைஜீரியாவிலிருந்து வந்த நர்ஸ். கூரை, கொதிகலன், குழாய் எல்லாம் அவர் பொறுப்பு. ஆயர் மதர் மரிசோல் ஈக்வடார்காரர், வந்து மூன்று வருடம்.

ஒன்பது மணிக்கு ஆங்கில ஆராதனை, பதினொன்றரைக்கு ஸ்பானிய ஆராதனை. இரு சபையாரும் சந்திக்கும் ஒரே இடம் கார் நிறுத்துமிடம். அங்கே நடப்பதை ஐக்கியம் என்று சொல்லமுடியாது. பெந்தெகொஸ்தே திருநாள் அன்று மட்டும் எல்லாரும் சேர்ந்து ஒரே ஆராதனை, சுவிசேஷ வாசிப்பு ஸ்பானிய மொழியில் என்றார் மதர். அதற்குத்தான் கடிதம்.

(* இதை எழுத அனுமதி கேட்டபோது அவர் சொன்னது: “எதை வேணா எழுது ராணி. என் சூட்டைப் பத்தி மட்டும் மரியாதையா எழுது.”)

3

மிஸ்டர் பிராத்வெய்ட் கடித உறையை மேஜை மேல் வைத்தார். “என்னால இதுக்கு ஒத்துக்க முடியாது மதர். வேற ஆளைப் பாத்துக்கங்க.”

“ஸ்பானிஷ்ல வாசிச்சா கூரை இடிஞ்சு விழுந்துடுமா?” என்றார் ஒபியாகெலி. “கூரை என் பொறுப்பு மிஸ்டர் பிராத்வெய்ட். நான் சொல்றேன், விழாது.”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

[இந்த இடத்தில் என் முதல் பிரதி வேறு பக்கம் போனது. அவருக்கு ஸ்பானியச் சபையாரைப் பிடிக்காது, வந்தேறிகளைக் கண்டால் முகம் சுளிக்கும் இன்னொரு வந்தேறி அவர் என்று மூன்று பக்கம் எழுதினேன். தடையில்லாமல் வந்தது. அவ்வளவு சுலபமாக வந்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கிழித்துவிட்டேன்.]

அறை புழுங்கியது. மதர் எழுந்துபோய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலைத் திறக்க முயன்றார். அது மசியவில்லை. அப்படியே நின்றபடி பேசினார்.

“எனக்கு உங்க மேல கோபமில்ல மிஸ்டர் பிராத்வெய்ட். நீங்க இல்லாம இந்த வேலைய என்னால செய்ய முடியாது. இருப்பீங்களா?”

பதில் இல்லை. மதரின் தோள்கள் தொய்ந்தன. ஒபியாகெலி பல்லைக் கடித்தார். நான் மட்டும் வழக்கம்போல, மதர் கேட்டதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி வார்த்தையை எழுதி முடித்ததும் பக்கத்திலிருந்து பதில் வந்தது: “இருக்கணும்னுதான் ஆசை.”

நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண் என் நோட்டில் இருந்தது.

எத்தனையோ கூட்டங்களாக என் பக்கத்திலேயே உட்கார்ந்து எட்டிப் பார்ப்பார். எழுத்துப்பிழை தேடுகிறார் என்று எனக்கு மனத்தாங்கல். நோட்டில் எழுதினேன்: ‘உங்களுக்குக் காது கேக்கலையா?’

என் பேனாவை வாங்கி, கீழே எழுதினார்: ‘இடது சுத்தமா இல்ல. வலது பாதி. வெளிய சொல்லாதே.’

“என்ன ரெண்டு பேரும் ஸ்கூல் பசங்க மாதிரி சீட்டு எழுதி விளையாடுறீங்க?” ஒபியாகெலி நோட்டைப் பிடுங்கினார். படித்தார். நாற்காலியை இழுத்து அவர் முகத்துக்கு நேரே போட்டு உட்கார்ந்தார்.

“எத்தன வருஷமா?”

“மூணு.”

“நான் நர்ஸு. எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ நர்ஸுங்கறதாலதான்.”

பிறகு மெதுவாகச் சொன்னார். “நம்ம ஆராதனை எனக்கு மனப்பாடம். எப்ப எழுந்திருக்கணும், எப்ப ஆமென் சொல்லணும், அதுக்குக் காது வேண்டாம். ஸ்பானிஷ்ல எனக்கு என்ன தெரியும்? எல்லாரும் நிக்கிறப்ப ஒருத்தன் மட்டும் முன்வரிசையில உக்காந்திருப்பான். யாருன்னு கேட்டா, மூத்த வார்டன்.”

மதர் வந்து அவர் எதிரே முட்டிபோட்டு உட்கார்ந்தார், உதடு தெரியும்படி.

“நான் ஒண்ணு சொல்லட்டுமா? வந்த மொத வருஷம் உங்க பார்படோஸ் இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியல. நீங்க சிரிச்சா நானும் சிரிப்பேன். நீங்க தலையாட்டினா நானும் ஆட்டுவேன்.”

“அப்ப என் யோசனைக்கெல்லாம் சரின்னு சொன்னது?”

“புரியாமத்தான்.”

“கோயில்ல போட்ட அந்தப் பச்சைக் கம்பளம்?”

“அதுவும்தான்.”

“எனக்கு நீங்க சொன்னது கேக்கல, உங்களுக்கு நான் சொன்னது புரியல,” என்றார் மிஸ்டர் பிராத்வெய்ட். “ரெண்டு பேரும் சேர்ந்துதான் இந்தச் சபைய நடத்தியிருக்கோம்!” மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். உறை அவர் கோட்டுக்குள் போனது. உள்கோட்டுக்குள்.

4

பெந்தெகொஸ்தே அன்று, பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகளில் சீடர்கள் பல பாஷைகளில் பேசும் பகுதியை ஏழு பேர் ஏழு மொழிகளில் ஒரே நேரத்தில் வாசித்தோம். நான் தமிழ். என் பக்கத்தில் ஒபியாகெலி இக்போவில் முழங்கினார். என் குரலே எனக்குக் கேட்கவில்லை. முடிந்ததும் முன்வரிசையில் மிஸ்டர் பிராத்வெய்ட், கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு, கோயில் அதிர ஒரு சத்தம் போட்டார்:

“இன்னைக்கு யாருக்குமே ஒண்ணும் கேக்கல! எல்லாரும் என்ன மாதிரி ஆயிட்டாங்க!”

சிரிப்பு அடங்கவே நேரமானது. ஸ்பானியச் சுவிசேஷ வாசிப்புக்கு எழ வேண்டிய நேரத்தில், பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த ஒபியாகெலி அவரை முழங்கையால் இடித்தார். எழுந்தார்.

5

முடிவு. மூன்று யோசித்தேன்.

(அ) அவர் காதுக்கருவி வாங்கிக்கொள்கிறார். ஒபியாகெலி டாக்டரிடம் நாள் வாங்கிக் கொடுத்துவிட்டார், அவர் இரண்டு தடவை தள்ளிப்போட்டுவிட்டார். நடக்காததை எப்படி எழுதுவது?

(ஆ) இரு சபைகளும் ஒன்றாகி... அடுத்த ஞாயிறே ஒன்பது ஒன்பதுதான், பதினொன்றரை பதினொன்றரைதான்.

(இ) இது நான் கண்ணால் பார்த்தது. அன்று மதிய விருந்தில் ஸ்பானிய ஆராதனையின் தலைமை வரவேற்பாளர் எரிபெர்த்தோ குவாமான் தட்டோடு வந்து மிஸ்டர் பிராத்வெய்ட் எதிரே உட்கார்ந்தார். அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை வராது. இவருக்கு எந்த மொழியுமே சரியாகக் கேட்காது. பத்து வருடமாகக் கார் நிறுத்துமிடத்தில் ஒருவரையொருவர் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டவர்கள். இவருடைய மக்கரோனிப் பலகாரத்தில் பாதி அவர் தட்டுக்குப் போனது, அவருடைய பன்றி வறுவல் இவர் தட்டுக்கு வந்தது. அரை மணி நேரம் பேசினார்கள். கையை ஆட்டினார்கள். எரிபெர்த்தோ எதையோ நடித்துக் காட்டினார், ரயிலோ, கழுதையோ. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு...

நான் அடுத்த மேஜையில்தான் இருந்தேன். இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். ஒன்றும் விளங்கவில்லை.

அந்த உரையாடலை நீங்கள் எழுதுங்கள். எந்த மொழியில் வேண்டுமானாலும். ஒரே ஒரு நிபந்தனை: இருவரும் ஒரே இடத்தில் சிரிக்க வேண்டும். அவர்கள் அப்படித்தான் சிரித்தார்கள்.