இரண்டாவது டிஸ்குக்கு என்ன பெயர்

சல்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் நடைக்கூடத்தில் நாற்காலிகளுக்குப் பஞ்சமில்லை. ஒன்றில் உட்காருவாள், மெல்ஃபாவின் முந்தியைத் தோளில் இழுத்துப் போடுவாள், உடனே எழுந்து ஜன்னலுக்குப் போவாள். வெளியே நுவாக்ஷோத் பட்டணத்தின் பாலைவனக் காற்று வழக்கம்போல மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. நல்ல காலத்திலேயே அவளுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. இன்றோ காலையில் தாயிடம் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள். கேட்கவா வேண்டும்!

சண்டை பழைய சண்டைதான். அவள் தாய் எம்பார்க்கா, தெஸ்லெம் என்கிற சீமாட்டியின் வீட்டில் அடிமையாகப் பிறந்தவள். சல்கா பால்குடி மறக்காத வயதில் அரசாங்கம் சட்டம் போட்டு அடிமைத்தனத்தை ஒழித்துவிட்டது. ரேடியோவில் சொன்னார்கள், எம்பார்க்காவும் கேட்டாள். கேட்டுவிட்டு அடுப்பை ஊதப் போனாள். பிறகு பட்டணம் வந்து, அல்மினா குடிசைப் பகுதியில் தகரக் கொட்டகை போட்டு, மகளைப் படிக்கவும் வைத்துவிட்டாள். ஆனால் தெஸ்லெம் வீட்டில் கல்யாணமோ பெயர் சூட்டு விழாவோ பெருநாளோ என்றால் ஆள் வரும். உடனே எம்பார்க்கா கிளம்பிவிடுவாள். கூலி கிடையாது. ஆட்டின் தலையும் குடலும் கொடுத்து அனுப்புவார்கள். இன்று பேரப்பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்களாம்.

"கூப்பிட்டா போகணும்லடி. அந்த வீட்டுச் சோறு தின்னு வளந்த உடம்பு இது."

"அந்த வீட்டுச் சோறை ஆக்கினதே நீதான உம்மா. பொறவு யாரு சோறு அது?"

"வாயாடிக்கிட்டே இரு. நாளைக்கே எனக்கு முடியாமப் போனா மருந்துக்கு யார் வாசல்ல போய் நிப்பே? உன் சந்தைக் கடையிலயா?" எம்பார்க்கா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "உனக்கு மாசச் சம்பளத்துல ஒரு வேலை வரட்டும். அன்னிக்கு விட்டுடறேன். அல்லாஹ் மேல ஆணை."

தாய் ஆணையிட்டால் மீறுகிறவள் அல்ல. ஆகவே இன்று பரீட்சைக்கு வந்திருக்கும் இந்தக் கம்ப்யூட்டர் வேலை அவளுக்கு வெறும் வேலை அல்ல. கிடைத்தால் தாய் அந்த வீட்டு அடுப்படியிலிருந்து எழுந்து வருவாள். கிடைக்காவிட்டால் சாகும் மட்டும் அங்கேதான்.

கதவு திறந்தது. முன்னால் போன முக்தார் என்கிற பையன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். "கை வேலை சுளுவுதான். வாய்தான் கொல்லுது" என்று முணுமுணுத்துவிட்டுப் போனான்.

உள்ளே இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இன்ஜினியர் இஸ்ஸெல்மு. துனிசில் படித்தவர், எசமான்களாக இருந்த வெள்ளை மூர் குடும்பம், இஸ்திரி மடிப்புக் கலையாத நீலத் தர்ரா அங்கியை இரண்டு தோளிலும் மடித்துவிட்டிருந்தார். மற்றவர் கிடங்கு மேலாளர் யர்பா. சல்காவைப் போலவே விடுதலையானவர்களின் வம்சம், அவளைப் போலவே கறுப்பு. அந்தக் கம்பெனியில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கறுப்பர் அவர் ஒருவர்தான். மூலையில் ஒரு கிழவர் கரி அடுப்பில் தேநீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். அவரும் கறுப்புதான், ஆனால் அவருக்கு மேஜை இல்லை.

"வாம்மா, மெஷின் இந்தா இருக்கு" என்றார் இஸ்ஸெல்மு. "ஒரு டிஸ்க் உள்ளயே இருக்கு. இன்னொண்ணு மேஜை மேல. ரெண்டையும் ஒரே கேபிள்ல மாட்டணும், ரெண்டும் திரையில தெரியணும். ஒரு நிபந்தனை. செய்யறதை வாயால சொல்லிட்டுத்தான் கை தொடணும். எங்க பழைய ஆளு ஒரு வார்த்தை பேசமாட்டான். பேசாமலே ஒரு வருஷக் கணக்கை அழிச்சிட்டுப் போய்ட்டான்."

"சொல்றேன் ஐயா."

செல்போன் சந்தையில் ஐந்து வருஷமாக அவள் செய்கிற வேலை இது. ஐரோப்பாவில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்கள் கப்பலில் வந்து இறங்கும். செத்ததைப் பிரித்துச் சாகாததில் சேர்ப்பார்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்துவிடுவாள். மின்சார வயரைப் பிடுங்கப்போவதாகச் சொன்னாள், பிடுங்கினாள். மூடியைக் கழற்றப்போவதாகச் சொன்னாள், கழற்றினாள். கையைத் தகரத்தில் தொட்டு உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்குவதாகச் சொன்னபோது இஸ்ஸெல்மு யர்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பிறகு ஜம்பர் வந்தது. டிஸ்கின் முதுகில் ஊசி ஊசியாக நிற்கும் கம்பிகளில் இரண்டை இணைக்கிற, நகத்தைவிடச் சிறிய பிளாஸ்டிக் தொப்பி. ஒரே கேபிளில் இரண்டு டிஸ்குகள் இருந்தால் எது முன்னே பேசும், எது அதற்கு அடங்கும் என்று முடிவு செய்வது அதுதான். எந்த மகராசன் பெயர் வைத்தானோ, உலகம் முழுக்க ஒன்றை எசமான் என்றும் மற்றதை அடிமை என்றும் அச்சடித்துவிட்டான். பிரெஞ்சுப் புத்தகத்தில் மெத்ர், எஸ்க்லாவ். சந்தையில் அவளும் கூட்டாளி தெம்பாவும் அந்தச் சொற்களைத் தொட்டதே இல்லை. அவர்களுக்கு அது அண்ணன், தம்பி.

"இதுக்கு ஜம்பரை முதல் டிஸ்கா வைக்கிறேன். இதை ரெண்டாவது டிஸ்கா வைக்கிறேன்."

யர்பாவின் பேனா தாளின் மேல் நின்றது. "ரெண்டாவது டிஸ்குக்கு என்ன பேரு?"

"ரெண்டாவது டிஸ்க்தான் ஐயா."

"தாள்ல ஒரு பேரு போட்டிருக்கு. அதைச் சொன்னாத்தான் நான் டிக் அடிக்க முடியும்."

சல்காவின் விரல்கள் மேஜை விளிம்பைத் தட்டத் தொடங்கின. அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஜம்பருக்கு மூன்றாவது இடம் ஒன்று உண்டு. அங்கே வைத்துவிட்டால் டிஸ்குக்குத் தனியாகப் பெயர் கிடையாது, கேபிளே பார்த்துக்கொள்ளும்.

"அப்போ ரெண்டையும் கேபிள் பாத்துக்கற மாதிரி வைக்கிறேன்" என்றாள். வைத்தாள், மாட்டினாள், மின்சாரம் கொடுத்தாள். மெஷின் உறுமிக்கொண்டு எழுந்தது. இரண்டு டிஸ்குகளும் திரையில் வந்தன. ஒரு கணம் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

இஸ்ஸெல்மு சிரித்தார். கெட்ட சிரிப்பு அல்ல, பாடம் நடத்துகிறவர்கள் சிரிக்கிற சிரிப்பு. "கெட்டிக்காரிதான். ஆனா திரையில என்ன எழுதியிருக்கு பாரு. கேபிள் நுனியில இருக்கறது எசமான். நடுவுல இருக்கறது அது. முதுகுல எழுதி ஒட்டலைன்னா என்ன, உக்காந்திருக்கற இடம் மாறலையே. இடம்தான பேரைக் குடுக்குது."

அவர் டிஸ்கைப் பற்றித்தான் சொன்னார். சல்காவுக்குச் சுருக்கென்றது. ரேடியோவில் சட்டம் படித்தார்கள், முதுகில் இருந்த பெயரை எடுத்தார்கள். எம்பார்க்கா இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறாள்? அதே அடுப்புக்கு முன்னால்தானே. இந்த மனுஷன் தெரியாமல் சொன்னது அத்தனையும் நிஜம். அது நிஜமாக இருப்பதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

யர்பா நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "புள்ள, கேளு. நான் இந்தக் கிடங்குக்கு டிஸ்க் வாங்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அந்த வார்த்தையைச் சொல்றேன். எஸ்க்லாவ். ஆச்சா? நாக்கு ஒண்ணும் வெந்து போகல. பழகிட்டா எதுவும் கசக்காது. ஊரோட ஒத்துப் போ. சொல்லிட்டு வேலையை வாங்கிட்டுப் போ. முக்தார் மண்டையில ஒண்ணுமில்ல, இருந்தாலும் அவன் சொல்லிட்டான்."

நல்லெண்ணத்தில் சொன்னார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அதனாலேயே அவரை முறைக்கவும் முடியவில்லை. ஒரு சொல். இந்தப் பக்கம் ஒரு சொல், அந்தப் பக்கம் தாயின் ஆணை. எது கனம் என்று எந்தப் பைத்தியமும் சொல்லிவிடும்.

"எந்த மொழியில சொல்லணும்?" என்றாள்.

"நோட்டீஸ்லயே போட்டிருக்கோமே. பிரெஞ்சோ அரபியோ உன் வாய்க்கு வர்ற எதுவோ" என்றார் இஸ்ஸெல்மு.

மெஷினை அணைத்தாள். ஜம்பர்களைப் பிடுங்கினாள். அவசரத்தில் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. குனிந்து தேடி எடுத்தாள். நிமிர்ந்தபோது அவள் வாயிலிருந்து வந்தது பிரெஞ்சு அல்ல, அங்கிருந்த எல்லோரும் வீட்டில் பேசுகிற ஹஸ்ஸானியா அரபி.

"இவன் எசமான். இந்தா இருக்கறது அவனோட அடிமை."

அந்தச் சொல்லை அவர்கள் மொழியில், வெளிச்சத்தில், அலுவலக மேஜை மேல் வைத்து யாரும் சொல்வதில்லை. கோபத்தில் சொல்வார்கள், திட்டுவதற்குச் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். தேநீர்க் கிழவர் கையில் கெண்டியோடு அப்படியே இருந்தார். இஸ்ஸெல்மு காது மடல் சிவந்து, தர்ராவின் மடிப்பைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

"பிரெஞ்சுல சொன்னாலே போதும்மா."

"வாய் சொல்லிட்டுத்தான் கை தொடணும்னு நீங்கதானே சொன்னீங்க ஐயா." அவள் குரல் சற்றே ஏறியிருந்தது. "எசமானைக் கேபிள் நுனியில மாட்டறேன். அடிமையை நடுவுல மாட்டறேன். எசமான் முதல்ல பேசுவான். அடிமை இருக்கானான்னு அவன்தான் சொல்லணும். அவன் சொல்லலைன்னா அடிமை உயிரோட இருந்தாலும் மெஷினுக்குத் தெரியாது. இப்ப அடிமைக்குக் கரண்டு குடுக்கறேன். அடிமை சுத்த ஆரம்பிச்சிட்டான். அடிமைகிட்ட இருக்கற கணக்கை எடுத்து எசமான்கிட்ட குடுக்கறேன்."

"போதும்" என்றார் யர்பா.

"இன்னும் மூடியைப் போடல ஐயா. அடிமையை மூடி வைக்கணும்."

"போதும்னு சொன்னேன்ல." யர்பா எழுந்துவிட்டார். எழுதவேண்டிய கட்டங்களில் எல்லாம் பேனாவை ஒரே இழுப்பாக இழுத்தார், தாளைக் கவிழ்த்து வைத்தார். "வெளியில நில்லு."

நடைக்கூடத்தில் அவள் நிற்கவில்லை, நடந்தாள். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும். கெடுத்துவிட்டோம் என்று நிச்சயமாகத் தோன்றியது. ஒரு சொல்லைக் கேட்டார்கள், நாம் ஊரையே கூட்டிவிட்டோம். இனி உம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? வாயைக் கிள்ளிக்கொண்டாள். உள்ளே இரண்டு குரல்கள் ஏறி இறங்கின. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.

யர்பா மட்டும் வெளியே வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார். "ஞாயிற்றுக்கிழமை வாரம் தொடங்குது, காலையிலயே வந்து சேரு. அடையாளக் கார்டு கொண்டுவா."

"ஐயா..."

"ஒண்ணு சொல்றேன். வேலைக்கு வந்த பிறகு அதை நம்ம மொழியில சொல்லாதே."

"ஏன் ஐயா?"

"இத்தனை வருஷமா நான் அந்த வார்த்தையைச் சொன்னேன், என் காதுக்கே கேட்கல. இன்னிக்குக் கேட்டுடுச்சு" என்றார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

தெஸ்லெம் வீட்டுக்கு சல்கா டாக்சியில் போனாள். நாலு பேர் உட்காரும் இடத்தில் ஆறு பேர். யாரோ ஒருவரின் முழங்கை விலாவில் குத்தியது, அதுகூட உறைக்கவில்லை. வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். பெண்கள் மருதாணிக் கைகளோடு மெத்தைகளில் சாய்ந்திருந்தார்கள். அவள் கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள்.

எம்பார்க்கா அண்டாவுக்கு முன்னால் குந்தியிருந்தாள். சோற்றில் கறி வெந்துகொண்டிருந்தது. புகையில் கண் இடுங்கியிருந்தது.

"கெடச்சிடுச்சு உம்மா."

தாய் கரண்டியோடு நிமிர்ந்தாள். அல்லாஹ்வைப் புகழ்ந்தாள், மகளின் கன்னத்தைத் தொட்டாள், கண் கலங்கினாள். பிறகு திரும்பி அண்டாவைப் பார்த்தாள். "கொஞ்சம் இரு. சோறு இறங்கட்டும்."

"ஆணையிட்டே."

"இட்டேன்டி. பாதியில எப்படி விட்டுட்டு வர்றது? அவங்க என்ன நெனப்பாங்க?"

சல்காவுக்கு அழுகை முட்டியது. அந்த நேரத்தில்தான் தெஸ்லெம் கொல்லைப்பக்கம் வந்தாள். நல்ல மனுஷி என்றுதான் ஊரில் பெயர், அது பொய்யும் இல்லை. சேதி கேட்டதும் முகமெல்லாம் மலர்ந்தாள், கூடாரத்தின் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"கேட்டீங்களா? நம்ம வீட்டுப் புள்ளைக்குக் கம்பெனியில வேலை கெடச்சிருக்கு. நம்ம எம்பார்க்கா பெத்தது."

கூடாரத்திலிருந்து வாழ்த்துக் குலவை எழுந்தது. தெஸ்லெம் சல்காவின் தலையில் கை வைக்க வந்தாள்.

எம்பார்க்கா எழுந்தாள். முழங்கால் வலியோடு அவள் எழுவதற்கு எப்போதும் இரண்டு முயற்சி வேண்டும். இப்போது ஒன்றிலேயே எழுந்துவிட்டாள். மகளுக்கும் அந்தக் கைக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"நம்ம வீட்டுப் புள்ள இல்ல" என்றாள். குரல் சின்னதாகத்தான் வந்தது. "என் வீட்டுப் புள்ள."

தெஸ்லெம் விளங்காமல் நின்றாள். எம்பார்க்கா கரண்டியை அவளிடம் நீட்டினாள். அதை வாங்குவதா வேண்டாமா என்று தெஸ்லெமுக்குத் தெரியவில்லை. அந்தக் கையில் கரண்டி இருந்து யாரும் பார்த்ததில்லை. எம்பார்க்கா காத்திருக்காமல் அதைத் தரையில் வைத்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

தெருவில் அவள் நடை பாதி ஓட்டமாக இருந்தது. முக்கு வரை வந்து நின்றாள்.

"சோறு அடிப்பிடிச்சிடும்டி."

"பிடிக்கட்டும் உம்மா."

எம்பார்க்கா திரும்பிப் பார்த்தாள். புகை மதிலுக்கு மேலே தெரிந்தது. கை மட்டும் கரண்டி பிடித்த பழக்கத்தில் மூடித் திறந்தது. பிறகு அந்தக் கையை மெல்ஃபாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பிடிக்கட்டும்" என்றாள்.