"வாங்க" என்று சொல்லாத பெண்

கிட்வாய் நகர் அரசாங்கக் குடியிருப்பில் பாலசுப்ரமணியம் வீட்டுப் படி ஏறியவர் எவரும் "வாங்க" என்ற சொல்லைக் கேட்காமல் திரும்பியதில்லை. மீட்டர் பார்க்க வந்தவன், சோப்புத்தூள் விற்க வந்த பெண், ஒருமுறை வீடு தெரியாமல் நுழைந்துவிட்ட பஞ்சாபிக் கல்யாண பேண்டுக்காரர்கள் உட்பட. உபசாரத்தில் குறை வைத்த குடும்பம் என்று திருநெல்வேலியில் எவனும் சொன்னதில்லை. டெல்லியில் மட்டும் சொல்ல விடுவாரா?

அப்படிப்பட்டவரின் மகள் மேகலா, ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மலை மந்திர் முருகன் கோயில் படிக்கட்டில், ஜாயின்ட் செக்ரட்டரி லட்சுமணனை ஏதோ தூணைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுக் கடந்து போனாள்.

தூணையாவது சிலர் தொட்டுக் கும்பிடுவார்கள்.

லட்சுமணன் லேசுப்பட்ட ஆள் இல்லை. டெல்லித் தமிழர் வீடுகளில் பெண் கொடுக்கவோ எடுக்கவோ விசாரிப்பவர்கள் முதலில் அவருக்குத்தான் போன் போடுவார்கள். முருகனிடம் பூப்போட்டுக் கேட்பதெல்லாம் அதற்கு அப்புறம். மேகலாவுக்குப் பார்த்திருந்த நொய்டா மாப்பிள்ளை வீட்டாரும் அந்த வாரம் அவரிடம் பேசுவதாக இருந்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பாலசுப்ரமணியம் மப்ளரைக்கூடக் கழற்றவில்லை.

"ஏட்டி, உனக்குக் கண்ணு தெரியலையா?"

"தெரிஞ்சுதுப்பா."

"பொறவு?"

"அவர் முதல்ல பேசினா நானும் பேசுவேன். இல்லேன்னா மாட்டேன். அவ்வளவுதான்."

"அது என்ன சட்டம்?"

"சொல்ல முடியாதுப்பா."

பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மனைவி சந்திரம்மாள் நிமிராமலே சொன்னாள். "ஊரான் பேசுறதையெல்லாம் நாள் முழுக்கக் கேக்கா. பெத்தவன் கேட்டா வாயில கொழுக்கட்டை."

மகளின் வேலையே பாலசுப்ரமணியத்துக்கு ஒரு தலைவலி. டாக்டருக்குப் படிக்கும் அளவுக்கு மார்க் வாங்கியவள், மனோதத்துவம்தான் என்று அடம் பிடித்தாள். டெல்லியில் பட்டம், பெங்களூர் ஆஸ்பத்திரியில் பயிற்சி. இப்போது கிரீன் பார்க்கில், பியூட்டி பார்லருக்கு அடுத்த பேஸ்மென்ட் அறையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் சொல்வதைக் கேட்கிறாள். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. கழுத்தில் ஒரு ஸ்டெதஸ்கோப்பாவது தொங்கக் கூடாதா? கேட்டவர்களிடமெல்லாம் "டாக்டர்" என்றே சொல்லி வைத்திருந்தார். அதை நம்பி மாடி வீட்டுக்காரர் காலாணியைக் காட்ட வந்தார். மேகலா அவரை மாமியாரைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வைத்து அனுப்பினாள். மனிதர் சிரித்துக்கொண்டே படியேறினார். ஆணி அப்படியே இருந்தது.

மறுநாள் மாலை பாலசுப்ரமணியம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நல்ல ஆரஞ்சாகப் பொறுக்கிக்கொண்டு லட்சுமணன் வீட்டுக்குப் போனார். முதுகை வளைக்காமல் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று பஸ்ஸில் நின்றபடியே ஒத்திகை பார்த்துக்கொண்டார்.

"என் மக நேத்து உங்களைப் பாத்துட்டு மரியாதையில்லாமப் போயிட்டா சார். எங்க குடும்பத்துல அப்படி வளர்க்கலை."

லட்சுமணன் கதவைச் சாத்தினார். "உங்க பொண்ணு வீட்டுல என்னங்க சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. கேட்டா, சொல்ல முடியாதுப்பாங்கா. திமிரு."

"என்னைப் பத்தி ஒரு வார்த்தைகூடவா சொல்லலீங்க?"

"ஒரு வார்த்தை இல்லை சார்."

லட்சுமணன் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து பாலசுப்ரமணியம் பார்த்ததில்லை. அந்தப் பதவியில் சிரிக்க அனுமதி உண்டு என்றே அவருக்குத் தெரியாது.

"திமிரில்லீங்க. நான் அவங்ககிட்டத்தானுங்க போயிட்டிருக்கேன். ஃபைல்ல கையெழுத்துப் போடப் போனா கை நடுங்கும். பி.ஏ.வை வெளியே அனுப்பிட்டுத்தான் போடுவேன். ஆபீஸ் காரை விட்டுட்டு, மங்கி குல்லாயை மாட்டிக்கிட்டு ஆட்டோவுல போவேன். அந்தப் பார்லர்க்காரம்மா என்னை ஃபேஷியல் பண்ண வந்தவன்னு நெனச்சுட்டாங்க, போங்க."

சுவரில் ஒரு ஆணியில் குல்லாய் தொங்கியது. பாலசுப்ரமணியம் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கோயில்ல அவங்களைப் பாத்ததும் எனக்கு உயிரே போயிருச்சுங்க. 'வாங்க சார்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாங்கன்னா, இந்தப் பொண்ணை உங்களுக்கு எப்படித் தெரியும்னு நாலு பேர் கேட்பாங்களே! தெரியாத மாதிரிப் போனாங்க பாருங்க, அது மரியாதைங்க." ஆரஞ்சு ஒன்றை உரித்தார். "இந்தச் சின்ன வயசுல எப்படிங்க இந்த வேலைக்கு வந்தாங்க?"

இந்தக் கேள்விக்குப் பாலசுப்ரமணியத்திடம் எப்போதும் ஒரு பதில் உண்டு. ஸ்காலர்ஷிப் கிடைத்தது, படித்தாள். அதைத்தான் சொல்ல வாயெடுத்தார். குல்லாய் தொங்கிக்கொண்டே இருந்தது.

"என் தம்பி மகாதேவன் எங்க வீட்லதான் இருந்தான் சார். பேங்க் வேலைய விட்டுட்டு, சுவரைப் பாத்துப் படுத்தான். எந்திரிக்கவே இல்லை. யாராவது வந்தா பின்ரூமைத் தாழ்ப்பாள் போட்டுட்டு, நாக்பூருக்கு டூர் போயிருக்கான்னு சொல்லுவேன். நாக்பூர்ல அத்தனை நாள் டூர் அடிக்க அங்க ஆரஞ்சைத் தவிர என்ன இருக்கு? நம்புனாங்க."

"மேகலா?"

"மந்திர் மார்க் தமிழ் ஸ்கூல் விட்டு வந்ததும் அந்தக் கதவுக்கு வெளியே உக்காந்துக்குவா. கதவிடுக்கு வழியா ஸ்கூல் கதையெல்லாம் சொல்லுவா. அவன் பதிலே சொல்ல மாட்டான். ஒருநாள், 'கணக்கு டீச்சர் மறுபடி அடிச்சாளா?'ன்னு உள்ளேயிருந்து குரல் வந்தது. வீட்ல அத்தனை பேரும் சிலையா நின்னோம். அவ மட்டும், 'இன்னிக்கு லீவு சித்தப்பா'ன்னு சாதாரணமாச் சொன்னா. அதுக்கப்புறந்தான் ஆஸ்பத்திரி, மருந்தெல்லாம். இப்போ உத்தியோகம் பாக்கான்."

"எங்கீங்க?"

"நாக்பூர்ல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பாலசுப்ரமணியத்துக்குச் சிரிப்பு முடியும் இடத்தில் கண்ணில் நீர் வந்தது. ஆரஞ்சுத் தோலின் சாறு பட்டுவிட்டது என்று கைக்குட்டையை எடுத்தார்.

எழுந்தபோது லட்சுமணன் சொன்னார். "நொய்டாக்காரங்க கேட்டா என்ன வேலைன்னு சொல்லட்டுங்க? டாக்டருன்னா?"

பாலசுப்ரமணியத்தின் முதுகு நிமிர்ந்தது. "உள்ளதைச் சொல்லுங்க சார். காலாணி பாக்க மாட்டா. அதையும் சொல்லிடுங்க."

வீட்டில் இதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. போன காரியம் என்ன ஆயிற்று என்று சந்திரம்மாள் துளைத்தெடுத்தாள். "சொல்ல முடியாது" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே படிக்கட்டு. மேலேயிருந்து லட்சுமணன் ஒரு பெரும் கூட்டத்தோடு இறங்கி வந்தார். வாழ்நாளில் ஒரு மனிதரையும் வரவேற்காமல் விட்டதில்லை பாலசுப்ரமணியம். "வாங்க" தொண்டை வரை வந்து முட்டியது. அதை எச்சிலோடு விழுங்கிவிட்டு, கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்த புறாவை வெகு அக்கறையாகப் பார்த்தார். லட்சுமணன் கடந்து போனார். கூட்டத்தில் ஒருவர், "இந்தாளுக்கு எப்போ இவ்வளவு தலைக்கனம் வந்தது?" என்றது நன்றாகவே காதில் விழுந்தது.

மேகலா அப்பாவையே பார்த்தாள். பிறகு உள்ளங்கையிலிருந்த திருநீற்றை எடுத்து, அவர் நெற்றியில் பட்டையாகப் பூசிவிட்டாள்.

சந்திரம்மாளுக்குத்தான் தாங்கவில்லை.

"அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே வியாதி. நல்ல டாக்டரா ஒருத்தரைப் பாத்துக் காட்டணும்."